அண்ணனுக்கு வராத நீச்சல்

கோயிலுக்குள் உட்கார்ந்துகொண்டு "அய்யய்யோ" என்று நான் வாய்விட்டுக் கத்தியது வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான். அண்ணனுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்திருந்தது. வந்தவர்களுக்கு நன்றி சொல்ல அவர் மகள் மைக் முன்னால் நின்றாள். கையில் அண்ணனின் நினைவு அட்டை. ராயபுரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் இது வழக்கம். முன்பக்கம் இறந்தவரின் போட்டோ, பின்பக்கம் ஒரு செபம், அதற்குக் கீழே அவரைப் பற்றி நாலு வரி. பூசைக்கு வருகிறவர்களுக்கு வாசலிலேயே கொடுத்துவிடுவோம். ஆளுக்கொரு அட்டையை வாங்கிப் பைபிளுக்குள் வைத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் மாதா படத்துக்குப் பின்னால் செருகிவைப்பார்கள். செத்தவர் முகம் போட்டது என்பதால் கிழிக்க மாட்டார்கள், குப்பையிலும் போட மாட்டார்கள்.

அந்த நாலு வரியைத்தான் அவள் வாசித்தாள். கடின உழைப்பாளி, அன்பான தகப்பன் என்று ஆரம்பித்து நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அடுத்த வரி இப்படி வந்தது: "கொட்டும் மழையில் துறைமுகக் கடலுக்குள் தவறி விழுந்த சக தொழிலாளியைக் காப்பாற்ற, தன் உயிரைத் துச்சமென நினைத்துக் கடலில் குதித்து, நீந்திச் சென்று, அவரைக் கரை சேர்த்த மாவீரர் எங்கள் அப்பா."

அப்போதுதான் நான் கத்தினேன். துக்கத்தில் கத்துகிறேன் என்று நினைத்துப் பக்கத்திலிருந்த பெண் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். எனக்கு வந்தது துக்கம் இல்லை.

என் அண்ணனுக்கு நீச்சல் தெரியாது. கடலில் கணுக்காலைக்கூட நனைக்க மாட்டார். சின்ன வயதில் தெருப் பையன்கள் விளையாட்டுக்கு அவரைத் தண்ணீரில் பிடித்து அமுக்கியிருக்கிறார்கள். அன்றைக்குப் பிடித்த பயம் சாகிறவரைக்கும் போகவில்லை. தாத்தா கட்டுமரக்காரர், வீடு கடலுக்கு ரெண்டு தெரு தள்ளி, பிழைப்போ துறைமுகத்தில். இப்படிப்பட்டவர் நீச்சல் தெரியாது என்று வெளியே எப்படிச் சொல்வார்? "ராயபுரத்துல பொறந்துட்டு நீஞ்சத் தெரியாதுன்னா சிரிப்பானுங்கம்மா, வெளிய சொல்லிடாத" என்று என்னிடமே கேட்டுக்கொண்டிருக்கிறார். வீட்டில் எனக்கும் அண்ணிக்கும், வெளியே ஒரே ஒருவருக்கும்தான் அந்த விஷயம் தெரியும்.

அந்த ஒருவர் கோயிலில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அண்ணனின் தோஸ்தினுடைய மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

அவர் புருஷனும் என் அண்ணனும் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள். கப்பலிலிருந்து கிரேன் சரக்கைத் தூக்கும்போது கீழே நின்று கிரேன்காரருக்குக் கையால் சைகை காட்டுவதுதான் அண்ணனுக்கு வேலை. தோஸ்து சரக்கைக் கொக்கியில் மாட்டிவிடுவார். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு மழை நாள், கால் வழுக்கி, கப்பலுக்கும் கரைச் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் தோஸ்து விழுந்துவிட்டார். அண்ணன் கை எட்டுகிற தூரத்தில் நின்றிருக்கிறார். கத்தியிருக்கிறார், ஓடிப்போய்க் கயிறு கொண்டுவந்து வீசியிருக்கிறார். கயிற்றைப் பிடிக்கத் தண்ணீருக்கு மேலே தோஸ்தின் கை வரவில்லை. அந்த அக்கா அப்போது கைக்குழந்தைக்காரி. அடக்கம் முடிந்ததும் அண்ணன் நேராக அவரிடம் போய், "எனக்கு நீச்சல் தெரியாதும்மா, தெரிஞ்சிருந்தா வுட்டிருக்க மாட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் வீட்டில் அண்ணன் துறைமுகத்தைப் பற்றி வாய் திறந்ததே கிடையாது.

நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவர் அட்டையிலிருந்த போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அட்டையைப் பெஞ்சின் மேல் முகம் கீழே இருக்கிற மாதிரி கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். சாப்பிட நிற்கவில்லை. எங்கள் பக்கத்தில் செத்தவர் அட்டையை யாரும் அப்படி விட்டுவிட்டுப் போக மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அண்ணன் மகளைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பேசின் பிரிட்ஜ் ரயில்வே ஆபீஸில் என் மேலதிகாரிகளே என்னிடம் அளந்துதான் பேசுவார்கள்.

"யாருடி உனக்கு இந்தக் கதையச் சொன்னது?"

"ஏஐல போட்டேன் அத்தை."

ஒன்றுமே நடக்காத மாதிரி சொன்னாள். அவள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் உட்காருகிறவள். கூட வேலை பார்க்கிறவர்கள் சொல்லிக்கொடுத்து, கொஞ்ச நாளாகப் போனில் ஏஐ பழகியிருந்தாள். முதலில் லீவு லெட்டர், அப்புறம் பிறந்தநாள் வாழ்த்து, தோழி கல்யாணத்துக்குக் கவிதை. எல்லாவற்றுக்கும் ஆஹா ஓஹோ என்று பாராட்டு. அதே தைரியத்தில் அப்பாவின் அட்டைக்கும் அதையே கேட்டிருக்கிறாள். போனைக் காட்டினாள். அவள் எழுதியது, அது எழுதியது என்று எல்லாம் வரிசையாக இருந்தது.

முதல் தடவை அது எழுதியதில் ஒரு குறையும் இல்லை. உழைப்பாளி, நேர்மையானவர், குடும்பத்தை நேசித்தவர். "இது யாருக்கு வேணா பொருந்தும்னு தோணுச்சு அத்தை" என்றாள். அதனால் "இன்னும் உருக்கமா எழுது" என்று போட்டிருக்கிறாள். அடுத்ததில் அண்ணன் வெள்ளத்தில் சிக்கியவர்களுக்குச் சோறு கொடுத்தார். அதுவும் அவளுக்குப் போதவில்லை. "இன்னும் உருக்கமா, கேக்குறவங்க அழணும்" என்று கேட்டிருக்கிறாள். அண்ணன் கடலில் குதித்துவிட்டார்.

"இது நிசமா பொய்யான்னு ஒரு வார்த்தை யாரையாவது கேட்டியா?"

"அதுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"எதுக்குடி தெரியும்? அது என்ன உங்கப்பன்கூட ஹார்பர்ல வேலை பாத்துச்சா?"

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "அப்பா ஹார்பர் கதை ஒண்ணுகூட எங்கிட்ட சொன்னதே இல்ல அத்தை. கேட்டா எந்திரிச்சுப் போயிடுவாரு. அதுக்கு உலகத்துல எல்லாம் தெரியுதே, இதுவும் எந்தப் பேப்பர்லயாவது வந்திருக்கும், அத எடுத்துப் போட்டிருக்குன்னு நெனச்சேன். எங்கப்பா இப்படி ஒரு ஆளான்னு படிச்சுட்டு அவ்ளோ பெருமையா இருந்துச்சு."

எனக்குக் கோபம் பாதியில் நின்றுவிட்டது. தன் அப்பாவைப் பற்றித் தன்னைவிட அந்தப் போனுக்கு நன்றாகத் தெரியும் என்று ஒரு பெண் நம்பியிருக்கிறாள். அண்ணன் வாயை மூடிக்கொண்டே இருந்த இடத்தில் அது வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறது. அண்ணனுக்கு நீச்சல் தெரியாது என்பதில் ஆரம்பித்து, கப்பல், மழை, இடுக்கு, கயிறு என்று நடந்ததையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். அப்பாவின் தோஸ்து துறைமுகத்தில் இறந்தார் என்பது அவளுக்குத் தெரியும். அப்பா பக்கத்தில் நின்றார் என்பது தெரியாது. "அப்பா பாத்துக்கிட்டே நின்னாரா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அண்ணி இத்தனையையும் கேட்டுக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். "அண்ணி, உங்களுக்குத் தெரியும்ல? அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி படிக்கலியா?" என்றேன்.

"படிக்கல. கோயில்லதான் கேட்டேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கேக்க நல்லாத்தானே இருந்துச்சு. அந்த மனுஷனை ஒருத்தராவது மெச்சட்டுமேன்னு இருந்துச்சு" என்றார்.

அண்ணியை அதோடு விட்டுவிட்டேன்.

அண்ணன் மகளிடமிருந்து போனை வாங்கி, 'ஏன் பொய் சொன்னாய்?' என்று நானே அதில் எழுதினேன். மன்னிப்புக் கேட்டது! 'உருக்கமாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கற்பனையாகச் சேர்த்துவிட்டேன், உங்கள் மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்' என்று அவ்வளவு பணிவாக எழுதியது. நாலு அறை விடலாம் என்றால் அதற்குக் கன்னம்கூட இல்லை. போனைக் கட்டிலில் விட்டெறிந்தேன்.

மறுநாளிலிருந்து வேறு பேஜாரு. தெருவில் காலெடுத்து வைக்க முடியவில்லை. "இன்னாமா, ஒங்கண்ணன் இவ்ளோ பெரிய ஆளு, ஒரு வார்த்தை சொன்னியா நீ?" என்று கேட்காத ஆள் இல்லை. எங்கள் தெருக்கோடியில் இருக்கிற ரிட்டயர்டு துறைமுகக்காரர் ஒருவர் டீக்கடையில் வைத்து எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் அன்னிக்கு அங்கதான் கீறேன். என் கண்ணால பாத்தேன். மழை இன்னா மழை! சட்டையக்கூட கயட்டல, அப்படியே டைவ் அடிச்சான் பாரு, கில்லி!"

"அண்ணே, யாரு டைவ் அடிச்சது?"

"ஒங்கண்ணன்தாம்மா. அத்தினி பேரும் நின்னு பாத்துகினு இருந்தோம்."

நான் அவரையே பார்த்தேன். மனிதர் புளுகவில்லை. கண் கலங்கியிருந்தது. மெய்யாலுமே பார்த்ததாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு அட்டையில் அச்சடித்த ஒரு வரி, ஒரே வாரத்தில் ஒரு மனிதரின் ஞாபகத்துக்குள் போய்க் குந்திக்கொள்ளும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

அட்டைகளைத் திருப்பி வாங்கிவிடலாம் என்று வீடு வீடாகப் போனேன். ஒருவரும் கொடுக்கவில்லை. "செத்தவர் படத்தை எப்படிம்மா திருப்பிக் கொடுக்குறது? ஆகாது" என்றார்கள். தப்பாக அச்சாகிவிட்டது, வேறு தருகிறோம் என்று சொல்லிப் பார்த்தேன். "பரவால்ல, அதையும் குடு, ரெண்டும் இருக்கட்டும்" என்றார்கள்.

அண்ணன் மகள் எங்கள் அன்பியத்து வாட்ஸ்அப் குழுவில், அதாவது தெருவிலுள்ள கோயில் குடும்பங்கள் எல்லாம் இருக்கிற குழுவில், எழுதிப் போட்டாள். 'அப்பா கடலில் குதித்ததாக அட்டையில் உள்ளது உண்மையல்ல. நான் ஏஐ உதவியோடு எழுதினேன், சரிபார்க்காமல் விட்டுவிட்டேன், மன்னிக்கவும்.' வந்த பதில்களைப் பார்க்க வேண்டுமே! கும்பிடுகிற கை, அழுகிற முகம், பூங்கொத்து. "அப்பாவைப் போலவே மகளுக்கும் தன்னடக்கம்" என்று ஒருவர். கடவுளே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

இது இத்தனையும் நடந்துகொண்டிருந்தபோது, அக்கா பொய்யைக் கேட்ட கோபத்தில்தான் எழுந்து போயிருக்கிறார் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் புருஷன் செத்ததை வைத்துக் கதை கட்டுகிறார்களே என்ற கோபம். நியாயம்தானே? கொஞ்சம் ஆறட்டும், போய்க் காலில் விழுந்தாவது பேசிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அதற்குள் அவரே போன் செய்தார்.

"ஒங்கண்ணன் எங்கிட்ட இன்னா சொன்னாரு? நீச்சல் தெர்யாதுன்னுதான?"

"ஆமாக்கா."

"கோயில்ல இன்னா படிச்சீங்க? யாரையோ நீஞ்சிப் போயி இட்டாந்தாராமே?"

"அக்கா, அது வந்து..."

"அப்ப எங்க வூட்டுக்காரரு உழுந்தப்ப மட்டும் நீச்சல் மறந்து பூட்ச்சா?"

அவர் அதைப் பொய் என்று நினைக்கவே இல்லை! நம்பிவிட்டிருக்கிறார். யாரோ ஒருவனுக்காகக் குதித்தவன் என் புருஷனுக்காகக் குதிக்கவில்லை, பயந்துகொண்டு நின்றுவிட்டு என்னிடம் வந்து நீச்சல் தெரியாது என்று கதை விட்டான், நானும் இத்தனை காலம் அதை நம்பிக்கொண்டிருந்தேன் என்பதுதான் அக்காவின் கணக்கு. இப்படி ஒரு அர்த்தம் அந்த வரிக்கு இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாராட்டு என்று எழுதிய வரி என் அண்ணனைக் கொலைகாரனாக்கிவிட்டது.

"ராயபுரத்து ஆம்பளைக்கு நீச்சல் தெர்யாதுன்னு யாராண்ட சொன்னாலும் சிரிச்சிருப்பாங்கோ. நான்தான் அந்தாளு மூஞ்சியப் பாத்து நம்புனேன்" என்றார் அக்கா. "இனிமே கல்லறைத் திருநாளுக்கு எங்க கல்லறைகிட்ட ஒங்க வூட்டு ஆளுங்க யாரும் வர வாணாம்." போனை வைத்துவிட்டார்.

வருஷா வருஷம் நவம்பரில் கல்லறைத் திருநாள் வரும்போது, அண்ணன் முதலில் தோஸ்தின் கல்லறைக்குத்தான் சுண்ணாம்பு அடிப்பார். எங்கள் அப்பா அம்மா கல்லறைக்கு அப்புறம்தான் வருவார். நான் சண்டைகூடப் போட்டிருக்கிறேன். அக்கா பக்கத்திலேயே சுண்ணாம்பு வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ரெண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்கள். அண்ணனுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே மன்னிப்பு அந்த வாளிதான். அதையும் இந்த அட்டை பிடுங்கிக்கொண்டுவிட்டது. அன்றைக்கு ஆபீஸில் நான் யாரிடமும் பேசவில்லை. எனக்கு உடம்பு சரியில்லை என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

புது அட்டை எழுதாமல் போய் நிற்க முடியாது என்று அண்ணன் மகள் சொன்னாள். இந்த முறை நான் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். மறுபடியும் அதில்தான் எழுதப்போகிறாயா என்று கேட்டேன். "அதுமேல தப்பில்ல அத்தை, நான் கேட்ட லட்சணம் அப்படி" என்றாள். இந்தத் தடவை வேறு மாதிரி கேட்டாள். நீ எதையும் சேர்க்காதே, உனக்குத் தெரியாததை எங்களிடம் கேள், நாங்கள் சொன்னதை மட்டும் எழுது. அது கேட்க ஆரம்பித்தது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் முதலில் என்ன செய்வார்? எதற்குக் கோபப்படுவார்? அவள் ஒவ்வொரு கேள்வியாக வாசிக்க, அண்ணன் போனதிலிருந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத அண்ணி, கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தார். டீயை ஆறவிட்டுப் பச்சைத் தண்ணீராக்கித்தான் குடிப்பார். சாப்பிடும்போது வாயைத் திறக்கவே மாட்டார், எல்லாம் கிரேனுக்குக் காட்டுகிற சைகைதான். உள்ளங்கையைக் கீழே காட்டி ஆட்டினால் குழம்பு ஊற்று என்று அர்த்தம், முஷ்டியை மடக்கினால் நிறுத்து. அண்ணி அதை அப்படியே செய்து காட்டினார். மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

நீச்சல் தெரியாது என்பதையும் போட்டுவிடலாம், ஊர் வாயை அடைத்த மாதிரி இருக்கும் என்று நான் சொன்னேன். அண்ணி ஒரே பிடியாகக் கூடாது என்றுவிட்டார். "உயிரோட இருக்கிறவரைக்கும் மறைச்சுவச்ச விஷயம். செத்ததுக்கப்புறம் நாமளே அச்சடிச்சுக் குடுக்குறதா?" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. டீயும் குழம்பும் சைகையும் மட்டும் புது அட்டையில் வந்தன.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அண்ணன் மகளும் நானும் ஷேர் ஆட்டோவில் திருவொற்றியூருக்குப் போனோம். அக்காவுக்கு அங்கே ஸ்டேஷனுக்குப் பின்னால் சின்ன வீடு. மகளை மாத்தூரில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கிறார். அவள் தனியாகவே போகிறேன் என்றாள். அக்கா வாயில் மாட்டினால் நாராகக் கிழிந்துவிடுவாய், வா என்று நானும் கூடப் போனேன்.

"குந்துங்கோ" என்றார் அக்கா. குடிக்கத் தண்ணீர்கூடத் தரவில்லை.

அண்ணன் மகள் கையைக் கட்டிக்கொண்டு, "பெரிம்மா, அந்த வரிய நான் எழுதல. போன்ல இருக்கிற ஏஐ எழுதினது. அது பொய்" என்றாள்.

"அதுக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல பெரிம்மா. அதுவா எழுதிச்சு."

"யாருமே சொல்லாம ஒரு சேதி எப்டி வரும்? டபாய்க்கிறியா?"

புது அட்டையை நீட்டினாள். அக்கா கையில் வாங்கவில்லை. "இதுவும் அந்த போனு எழுதுனதுதான?" என்றார். அவளால் சட்டென்று ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. நான் குறுக்கே பேச வாயெடுத்தேன். "நீ சும்மா இரு, அந்தப் பொண்ணு பேசட்டும்" என்று என் வாயை அடைத்துவிட்டார். என்னையே!

அண்ணன் மகள் போனை எடுத்து அக்காவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "நீங்களே பாருங்க பெரிம்மா. அன்னிக்குக் கேட்டதையே இப்ப உங்க முன்னாடி கேக்குறேன்" என்று, துறைமுகத் தொழிலாளி, ராயபுரம், கேட்பவர்கள் அழ வேண்டும் என்று போட்டாள். அது விறுவிறுவென்று எழுதியது. இந்தத் தடவை அண்ணன் எரிகிற குடிசைக்குள் பாய்ந்து ரெண்டு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"எந்தக் குடிசை? எப்ப எரிஞ்சுது?" என்றார் அக்கா.

"எந்தக் குடிசையும் இல்ல பெரிம்மா."

மறுபடி கேட்டாள். அண்ணன் சாயங்காலமானால் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்தாளா? அந்தாளு கையெழுத்தே கோழி கிளறுன மாதிரி இருக்கும். அடப்பாவி, கொஞ்சம்கூட கூசாம சொல்லுதே இது!" வாயைப் பொத்திக்கொண்டு போனையே பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகத்தில் சிரிப்பு போய் ஒரு திகில் வந்தது.

பிறகு, "எங்க வூட்டுக்காரருக்குப் போடு" என்றார்.

"வேணாம்க்கா" என்றேன் நான்.

"நீ சும்மா கெட. போடும்மா. ஹார்பர் வேலை, ஒரே பொண்ணு, பொண்டாட்டிய நல்லா வச்சிருந்தாருன்னு போடு. எப்டி செத்தாருன்னு மட்டும் போடாத. அதுக்கே தெரியுதா பாப்பம்."

அவள் போட்டாள். வந்ததை வாசிக்க ஆரம்பித்தாள். "பல ஆண்டுகள் துறைமுகத்தில் உழைத்து ஓய்வு பெற்ற பின், தினமும் மாலையில் மனைவியின் கையைப் பிடித்துக் கடற்கரையில் நடந்தார். மகளின் திருமணத்தைக் கண்குளிரக் கண்டார். பேரப்பிள்ளைகளைத் தோளில்..." அவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"நிறுத்தாத. படி."

"...தோளில் சுமந்து திருவிழாவுக்கு அழைத்துச் சென்றார். நிறைந்த வயதில், குடும்பத்தார் சூழ்ந்திருக்க, மனைவியின் மடியில் அமைதியாகக் கண் மூடினார்."

தெருவில் கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அக்கா அசையவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. எதற்கடா இந்த வீட்டுக்கு இதைத் தூக்கிக்கொண்டு வந்தோம் என்று இருந்தது.

"இன்னொரு தபா படி" என்றார்.

போனைப் பிடுங்கி எறிந்துவிடலாமா என்று பார்த்தேன். அண்ணன் மகள் என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லாததால் முதலிலிருந்து வாசித்தாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மடியில் கண் மூடினார் என்ற இடம் வந்தபோது அவர் கை சேலை மடிப்பை ஒரு தடவை நீவிவிட்டது.

"போதும். அழிச்சுடு."

அழித்தாள்.

"அழிஞ்சிருச்சா?"

"அழிஞ்சிருச்சு பெரிம்மா."

"மொத்தமும் பொய்யி" என்றார் அக்கா. "எவ்ளோ நல்லா சொல்லுது." பிறகு என் பக்கம் திரும்பினார். "அப்ப ஒங்கண்ணனுக்கு மெய்யாலுமே நீச்சல் தெர்யாதா?"

"தெரியாதுக்கா. கடல்ல காலை நனைக்கக்கூட பயம். சாவுற வரைக்கும் பயம்."



"அந்தத் தண்ணியப் பாத்துகினு எப்டி நின்னுச்சோ அந்த மனுஷன்" என்றார். "கூட ஒருத்தருகூட இல்லாம."

அண்ணனின் அடக்கத்தன்று அக்கா அழவில்லை. அன்றைக்கு அழுதார்.